பாலண்டைனுக்கு வெக்மன்ஸ் வருகிறது: சார்லட் தமிழர்கள் என்ன சொல்கிறீர்கள்?

பாலண்டைன்வாசி

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வட கரோலினாவின் சார்லட் நகரில், நம் பாலண்டைன் பகுதிக்கு வெக்மன்ஸ் என்ற பெரிய மளிகைக் கடை வருகிறது என்ற செய்தி வந்ததிலிருந்து நம் ஆட்கள் கூடுகிற இடமெல்லாம் இதே பேச்சுதான். தமிழ்ப் பள்ளி வாசல், கிரிக்கெட் மைதானம், பிறந்தநாள் விருந்து, எங்கு போனாலும் இதுதான். சார்லட்டில் இது அவர்களுடைய முதல் கடை. ஒரு லட்சம் சதுர அடிக்கு மேல் பெரியது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 1916-ல் ஆரம்பித்த நிறுவனம். இன்றுவரை பங்குச்சந்தைக்குப் போகாமல் அந்தக் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சில விஷயங்கள் உறுத்துகின்றன. எங்கள் பக்கம் ஹாரிஸ் டீட்டர் இருக்கிறது, பப்ளிக்ஸ் இருக்கிறது, கடைக்கு ஒரு குறையும் இல்லை. ஜான்ஸ்டன் ரோட்டில் சாயங்காலம் இப்போதே வண்டி நகர்வதில்லை. நாம் வாராவாரம் போகிற இந்தியக் கடைகள் என்ன ஆகும்? விலை உண்மையிலேயே இறங்குமா? வேறு ஊரில் இந்தக் கடையோடு வாழ்ந்தவர்கள், இங்கே நீண்ட காலமாக இருப்பவர்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள்.

ஜெர்சிப்பொண்ணு

எத்தனை வருடமாகக் காத்திருக்கிறேன்! நியூ ஜெர்சியில் இருந்தபோது பிரின்ஸ்டன் பக்கம் ரூட் 1-ல் இருக்கும் கடைக்குத்தான் போவோம். மளிகை வாங்க மட்டும் இல்லை. பனிக்காலத்தில் பிள்ளைகளை வெளியே விட முடியாது. அங்கே கூட்டிக்கொண்டு போனால் பேக்கரியில் ரொட்டி சுடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், மாடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், எனக்கும் கொஞ்சம் மூச்சு விட முடியும்.

விலை பற்றிக் கேட்டீர்கள். அவர்களுடைய சொந்தப் பெயரில் வரும் பால், வெண்ணெய், தயிர், பாஸ்தா, டப்பாவில் வரும் தக்காளி எல்லாம் நியாயமான விலை. தரமும் நன்றாக இருக்கும். காசு கரைவது சமைத்து வைத்திருக்கும் பக்கத்தில்தான். அங்கே ஒரு டப்பாவை நிரப்பி எடைபோட்டால் பில் ஏறிவிடும். இன்னொன்று, இங்கே வட கரோலினாவில் சமைக்காத மளிகைக்கு 2 சதவீத உள்ளூர் வரி மட்டும்தான். சமைத்த சாப்பாட்டுக்கு முழு விற்பனை வரி, அதற்கு மேல் மெக்லன்பர்க் கவுண்டியின் 1 சதவீதமும் சேரும். அதனால் அரிசி, பருப்பு வாங்கப் போகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

பையும் கையோடு எடுத்துப் போங்கள். 2022-லேயே பிளாஸ்டிக் பையை நிறுத்திவிட்டார்கள். காகிதப் பைக்குக் காசு.

கேரிக்காரன்

இதை நாங்கள் ராலேயில் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். வட கரோலினாவின் முதல் வெக்மன்ஸ் 2019 செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை அங்கே திறந்தது. முந்தின நாளே வரிசையில் வந்து படுத்தவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கான பேர் விடியற்காலையில் நின்றார்கள். அடுத்து 2020-ல், கொரோனா நடுவில், கேரி பக்கம் எங்கள் டேவிஸ் டிரைவுக்கும் வந்தது. அப்போது அந்த ஆரவாரமெல்லாம் இல்லை.

நான் பார்த்தவரை சொல்கிறேன். முதல் சில வாரங்களுக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அப்புறம் கூட்டம் வார இறுதிக்குச் சுருங்கிவிடும். பக்கத்துக் கடைகள் உடனே சுறுசுறுப்பாகும், விளக்கை மாற்றும், கூப்பன் அனுப்பும், காய்கறிப் பகுதியைத் திருத்தும். அந்த வகையில் வாங்குபவருக்கு லாபம்தான்.

இந்தியக் கடைகள் பற்றி: கேரி, மோரிஸ்வில் சுற்றி எங்களுக்கு அவை குறையவில்லை. நம் ஆட்கள் அங்கே போய்ப் பாலும் பழமும் வாங்குவார்கள். இட்லி அரிசிக்கும் முருங்கைக்காய்க்கும் பழைய இடத்துக்குத்தான் திரும்ப வருவார்கள். நீங்கள் அதைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

பழைய சார்லட்

தொண்ணூறுகளில் இந்த ஊருக்கு வந்தவன் நான். பாலண்டைன் அப்போது மரமும் மண்ணும்தான். கடைகள் வந்ததையும் பார்த்திருக்கிறேன், போனதையும் பார்த்திருக்கிறேன். இந்தப் பேச்சில் அந்தப் போன கதை விட்டுப்போகிறது, அதனால் எழுதுகிறேன்.

ஹாரிஸ் டீட்டரை எல்லோரும் நம்ம ஊர்க் கடை என்பார்கள். 1960-ல் இரண்டு உள்ளூர்க் கடைகள் சேர்ந்து உருவானது, தலைமையகம் பக்கத்தில் மேத்யூஸில். ஆனால் 2014-லிருந்து அது சின்சினாட்டியில் இருக்கும் க்ரோகருக்குச் சொந்தம். ஃபுட் லயன் 1957-ல் சாலிஸ்பரியில் ஃபுட் டவுன் என்ற பெயரில் பிறந்தது. எழுபதுகளிலேயே பெல்ஜியக் கம்பெனி கைக்குப் போய்விட்டது, இப்போது நெதர்லாந்தில் இருக்கும் நிறுவனத்தின் கீழ் ஓடுகிறது. ஆக, 'வெளி மாநிலக் கடை வருகிறது' என்று நாம் பேசும்போது, உள்ளூர்க் கடை என்று எதை நினைத்துக்கொண்டு பேசுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். புளோரிடாவின் பப்ளிக்ஸும் 2014-ல் வட கரோலினாவுக்குள் காலெடுத்து வைத்தபோது முதல் கடையை பாலண்டைனில்தான் போட்டது. அப்போதும் இதே சந்தோஷம், இதே பயம்.

விண்-டிக்ஸி என்று ஒன்று இருந்தது, இங்கே எல்லாப் பேட்டையிலும் இருக்கும். 2005-ல் திவால் ஆனபோது மாநிலத்தையே விட்டுப் போனது. அப்புறம் பை-லோ. அதுவும் போனது. ராலே பக்கம் 2018-ல் க்ரோகர் 14 கடைகளை ஒரே மூச்சில் மூடியதை கேரி நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். சில இடங்களை ஹாரிஸ் டீட்டர் எடுத்துக்கொண்டது, மற்ற இடங்களில் வேலை செய்தவர்களும் அக்கம்பக்கத்தவர்களும்தான் அவதிப்பட்டார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு வேலை நடக்கும். ஒரு சங்கிலிக் கடை காலி செய்யும்போது, இந்த இடத்தில் இத்தனை வருடத்துக்கு வேறு மளிகைக் கடை வரக்கூடாது என்று பத்திரத்திலோ குத்தகையிலோ எழுதிவைத்துவிட்டுப் போகும். அமெரிக்காவில் இது பல ஊர்களில் வழக்கம். கட்டடம் சும்மா கிடக்கும், புல் சிமெண்டுக்கு நடுவில் முழங்கால் உயரம் வளரும், பக்கத்திலே இருப்பவர் பாலுக்கு மூன்று மைல் போவார். உள்ளே வரும்போது எடுக்கும் படத்தை எல்லோரும் பார்க்கிறோம். வெளியே போகும்போது என்ன எழுதிவைக்கிறார்கள் என்பதை நகரசபைக் கூட்டத்தில் யாராவது கேட்க வேண்டும். வருகிற கடை நல்ல கடையா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி.

மாவுக்கடை

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இங்கே சின்ன அளவில் இந்திய மளிகைக் கடை நடத்துகிறேன். பெயர் வேண்டாம், விளம்பரம் ஆகிவிடும்.

கேரி நண்பர் பயப்பட வேண்டாம் என்கிறார். அவர் சொல்வது பாதி சரி. பெரிய கடையில் கறிவேப்பிலை இருக்காது, இட்லி அரிசி இருக்காது, அந்த வரைக்கும் நாங்கள் பிழைத்தோம். ஆனால் எங்கள் கடையில் காசு எதில் வருகிறது என்று பலருக்குத் தெரியாது. இருபது பவுண்டு அரிசி மூட்டையில் ஒன்றும் நிற்காது. அது உங்களைக் கடைக்குள் அழைத்து வருகிற பொருள். லாபம் நெய், முந்திரி, பாஸ்மதி, உறைந்த பரோட்டா, மாம்பழக் கூழ், பிஸ்கட் இவற்றில்தான் கொஞ்சம் நிற்கும். இவற்றைத்தான் காஸ்ட்கோவும் மற்ற பெரிய கடைகளும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. நெய்யும் பாஸ்மதியும் அங்கே வாங்கிவிட்டு, கறிவேப்பிலைக்கு மட்டும் என்னிடம் வந்தால், கறிவேப்பிலை வைத்து நான் வாடகை கட்ட முடியாது.

அந்தக் கறிவேப்பிலையைப் பற்றியே சொல்கிறேன். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கிற ஒரு நோயைப் பரப்பும் சின்னப் பூச்சி இருக்கிறது. அது கறிவேப்பிலைச் செடியிலும் தங்கும். அதனால் புளோரிடா, கலிபோர்னியா, டெக்சஸ் மாதிரி இடங்களிலிருந்து இலையை வெளியே அனுப்ப மத்திய வேளாண் துறையின் கட்டுப்பாடு உண்டு. முறையான சிகிச்சையும் தாளும் இல்லாமல் நகராது. எங்களுக்கு இரவு வண்டியில் பெட்டி வரும். திறந்ததும் நடுவில் கையை விட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் உள்ளே கறுக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உட்கார்ந்து ஈர்க்கு ஈர்க்காகப் பிரித்து, கறுத்ததை உருவிப் போட்டு, மிச்சத்தைத் துணியில் பரப்பி ஈரம் போக வைத்து, அப்புறம்தான் பொட்டலம். பாதிப் பெட்டி குப்பைக்குப் போகிற வாரமும் உண்டு. பெரிய கடைக்காரர் இந்தப் பொருளைத் தொடவே மாட்டார், அவருக்கு அது கணக்கில் வராது.

2023 ஜூலை 20-ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது ஞாபகம் இருக்கும். அந்த வாரம் சோனா மசூரிக்கு மக்கள் எப்படி வந்தார்கள் என்று பார்த்தீர்கள். மொத்த வியாபாரி எனக்கு விலையை ஏற்றினார், சரக்கும் குறைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு ஒரு மூட்டை என்று வைத்தேன். என்னிடம் கோபமாகப் பேசினவர்கள் உண்டு. ஆனால் வாராவாரம் வருகிற பெரியவர்களுக்கு ஒரு மூட்டை எடுத்து உள்ளே வைத்திருந்தேன். தடை 2024 செப்டம்பரில்தான் நீங்கியது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு இங்கே வரி 50 சதவீதம் ஆனபோது மறுபடியும் அதே பாடு. பெரிய கடை அப்படிப்பட்ட நேரத்தில் அந்த ஷெல்ஃபையே வேறு பொருளுக்குக் கொடுத்துவிடும். எனக்கு அந்த வழி இல்லை, இதுதான் என் கடை.

வெக்மன்ஸ் வரட்டும். நல்ல கடை என்றுதான் கேள்விப்படுகிறேன், என் மனைவியும் போவாள். நெய் டப்பா ஒன்றாவது என்னிடம் வாங்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஜெர்சிப்பொண்ணு

அண்ணா, நெய் எங்கே வாங்குகிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இனி உங்களைப் போன்றவர்களிடம்தான்.

எல்லைதாண்டி

ஃபோர்ட் மில்லில் இருந்து. எங்களுக்கு பாலண்டைனே வெளி மாநிலம்! நீங்கள் பெட்ரோலுக்கு எங்கள் பக்கம் வருகிறீர்கள், நாங்கள் வேலைக்கும் கடைக்கும் உங்கள் பக்கம் வருகிறோம். தென் கரோலினாவில் சமைக்காத உணவுப் பொருளுக்கு மாநில விற்பனை வரியே கிடையாது, அதனால் வாராந்திர மளிகையை எங்கள் பக்கமே முடித்துக்கொள்வோம். விசேஷத்துக்கு மட்டும் வெக்மன்ஸ் வருவோம். 485 நெடுஞ்சாலையில் அந்த வெளிவாசலில் கூடப்போகும் வண்டிகளில் எங்களுடையதும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையன்வேலைக்குப்போகிறான்

வேலை பற்றி யாரும் பேசவில்லை. என் மகன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான், ஒரு மளிகைக் கடையில் சாயங்கால வேலை. எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். அட்டவணை வாரத்தின் கடைசி நேரத்தில்தான் வரும். பரீட்சைக்கு முந்தின இரவு மூடும் வேலை போட்டுவிடுவார்கள். கேட்டால், முடியாதென்றால் வேறு ஆள் இருக்கிறார்கள் என்பார்கள். வட கரோலினாவில் குறைந்தபட்சச் சம்பளம் இன்றும் மணிக்கு 7.25 டாலர், 2009 ஜூலையிலிருந்து அதே தொகை. நடைமுறையில் எல்லாக் கடைகளும் அதற்கு மேல் கொடுக்கின்றன, ஆனால் சட்டத்தில் பிடிமானம் இல்லை.

வெக்மன்ஸ் வேலைக்கு நல்ல இடம் என்ற பெயர் வாங்கியது. ஃபார்ச்சூன் பத்திரிகையின் சிறந்த நூறு இடங்கள் பட்டியல் 1998-ல் ஆரம்பித்ததிலிருந்து வருடா வருடம் அதில் இருக்கிறது, 2005-ல் முதலிடம். படிக்கும் பிள்ளைகளுக்கு 1984-லிருந்து உதவித்தொகை கொடுக்கிறார்கள். பப்ளிக்ஸிலும் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு, ஒரு வருடம் ஆகி ஆயிரம் மணி நேரம் வேலை செய்தால் கம்பெனியின் பங்கு கிடைக்கும். என் மகன் கல்லூரிக்குப் போகும் முன் வெக்மன்ஸுக்கு மாற நினைக்கிறான். ராலே, கேரி பக்கம் பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிற யாராவது இருந்தால், அட்டவணை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று சொல்லுங்கள். பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதைவிட எனக்கு அதுதான் வேண்டும்.

கேரிக்காரன்

பக்கத்து வீட்டுப் பெண் அங்கே காசாளராக இருந்தாள். பள்ளி நாட்களில் இரவு வெகுநேரம் வைக்கவில்லை, பரீட்சை வாரத்தை முன்கூட்டியே சொன்னால் மாற்றிக்கொடுத்தார்கள் என்றாள். ஒருவருடைய அனுபவம்தான் இது, மேலாளரைப் பொறுத்து மாறும். நேர்காணலிலேயே பரீட்சை தேதிகளைத் தெரிவித்துவைக்கச் சொல்லுங்கள்.

நடந்துபோகிறவர்

மகன் வீட்டில் இருக்கிறேன். வயது எழுபதுக்கு மேல். எனக்கு இங்கே லைசென்ஸ் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் காரை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள், அதனால் இதையும் கேளுங்கள்.

ஊரில் இருந்தவரை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போய்க் கீரை வாங்கி வருவது எனக்குப் பழக்கம். இங்கே எங்கள் அபார்ட்மெண்டிலிருந்து மளிகைக் கடை கண்ணுக்குத் தெரிகிறது. போவதற்கு ஜான்ஸ்டன் ரோட்டைக் கடக்க வேண்டும். பொத்தானை அமுக்கிவிட்டு நிற்பேன். சிக்னலில் நடக்கலாம் என்று வெள்ளை உருவம் வந்ததும் கிளம்பினால் பாதி வழியில் எண்கள் ஓட ஆரம்பித்துவிடும். நடுத்திட்டில் ஏறி நிற்பேன். வலது பக்கம் திரும்புகிற வண்டிகள் எனக்காக நிற்பதில்லை. மறுபடி பொத்தான். அந்தப் பக்கம் சேர்ந்த பிறகு வாகன நிறுத்துமிடத்தைக் கடக்க வேண்டும், அங்கே நடைபாதை கிடையாது. பையோடு திரும்பி வரும்போது தோள் இறங்கிவிடும்.

புதிய கடை இன்னும் பெரிது, நிறுத்துமிடமும் இன்னும் பெரிது. மெட்ரோ ரயிலின் நீலப் பாதை 485 அருகே சவுத் பொலிவார்டில் முடிந்துவிடுகிறது, அங்கிருந்து பாலண்டைனுக்கு நடக்க முடியாது. கடை திறப்பதற்கு முன் சாலை வேலை நடக்கும் இல்லையா, அப்போது கடக்கும் நேரத்தைக் கூட்டச் சொல்லி யாராவது எழுதிக் கொடுக்க முடியுமா? எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராது.

பாலண்டைன்வாசி

ஐயா, இதை நான் எழுதுகிறேன். நகரின் 311 என்ற குறைதீர் சேவைக்கு மனுப் போடலாம். எந்தச் சந்திப்பு, எந்த நேரம் என்று எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள். இங்கே வேறு பெரியவர்களும் அப்படிக் கடப்பவர்கள் இருந்தால் சேர்ந்து கையெழுத்துப் போடுவோம், ஒரே ஆள் எழுதுவதைவிட எடை இருக்கும்.

ரிச்மண்டில்இருந்தவள்

பாலண்டைன் கடைக்குச் சரக்கு எங்கிருந்து வரும் என்று யோசித்தீர்களா? தெற்கே இருக்கும் கடைகளுக்காக வெக்மன்ஸ் வர்ஜீனியாவில் ரிச்மண்டுக்கு வடக்கே, ஆஷ்லண்ட் பக்கம் ஒரு பெரிய கிடங்கு அமைக்கப்போவதாக 2019 கடைசியில் அறிவித்தது. அது வந்த இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது பிரவுன் குரோவ். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள் உள்நாட்டுப் போருக்குப் பிறகு உருவாக்கிக்கொண்ட ஊர் அது, இன்றும் அவர்களுடைய வழித்தோன்றல்கள் வசிக்கிறார்கள். 95-ஆம் நெடுஞ்சாலை அந்த ஊரைப் பிளந்துகொண்டு போகிறது. விமான நிலையம், குப்பைக் கிடங்கு, கான்கிரீட் ஆலை எல்லாம் ஏற்கெனவே அவர்கள் தலையில்தான். அதன் மேல் இதுவும். ஈரநிலம், முன்னோர் கல்லறைகள், லாரிப் போக்குவரத்து என்று அவர்கள் எதிர்த்தார்கள். 2020-ல் கவுண்டி அனுமதி கொடுத்தது. அந்த மக்களுக்கு வழக்குத் தொடரவே உரிமை உண்டா என்பதையே வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் வரை போய் 2023-ல்தான் 'உண்டு' என்று வாங்கினார்கள். அதற்குள் கட்டட வேலை ஆரம்பித்துவிட்டது.

அப்போது நான் அங்கே இருந்தேன். அந்தச் சபைக் கூட்டங்களில் பேசிய வயதான பெண்களின் குரலை மறக்க முடியாது. கடையில் எல்லோரும் அன்பாகப் பேசுவார்கள், பொருளும் நன்றாக இருக்கும், நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கடை என்றால் முன்வாசல் மட்டும் இல்லை.

கேரிக்காரன்

கிடங்கு எங்காவது வரத்தான் வேண்டும் அக்கா. அந்த நிலத்தைத் தொழிற்சாலைக்கு ஒதுக்கியது கவுண்டி, பல வருடம் முன்னால். கம்பெனி சட்டப்படி அனுமதி வாங்கிக் கட்டியது. இதற்குக் கடையை மட்டும் குற்றம் சொன்னால், ஒதுக்கியவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

ரிச்மண்டில்இருந்தவள்

ஒதுக்கியவர்களைத் தப்பிக்க விடச் சொல்லவில்லை தம்பி. வேறு இடம் பார்க்கும் வசதி அந்தக் கம்பெனிக்கு இருந்தது. பிரவுன் குரோவ் மக்களுக்கு இல்லை. இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

சனிக்கிழமைத்தோட்டம்

இதுவரை எல்லோரும் பாலண்டைனையே பேசினோம். அங்கிருந்து அரை மணி நேரத்தில் வெஸ்ட் பொலிவார்டு. விமான நிலையத்துக்குப் போகும்போது பலர் அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள். அந்த வழியில் முழுமையான மளிகைக் கடை இல்லாமல் பல்லாண்டுகளாக மக்கள் இருக்கிறார்கள். ஒரு டாலர் கடையும் பெட்ரோல் பங்கும் உண்டு. அங்கே சிப்ஸ் கிடைக்கும், கீரை கிடைக்காது. அந்தப் பகுதிக் குடியிருப்போர் கூட்டமைப்பு சொந்தமாகத் தோட்டம் போட்டிருக்கிறது. த்ரீ சிஸ்டர்ஸ் மார்க்கெட் என்ற பெயரில் மக்களே பங்குதாரர்களாக ஒரு கூட்டுறவுக் கடை கொண்டுவர வெகு காலமாகப் பாடுபடுகிறார்கள். நான் அங்கே தோட்ட வேலைக்குப் போகிறேன், அதனால்தான் இந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வருத்தம்தான் வந்தது. ஒரு பக்கம் நான்காவது, ஐந்தாவது கடை. இன்னொரு பக்கம் முதல் கடையே இல்லை.

சங்கிலிக் கடைகள் சுற்றியிருக்கும் வீடுகளின் வருமானத்தைப் பார்த்துத்தான் வருகின்றன. அது தெரிந்த கதை. ஆனால் மக்கள் தாமே செய்து பார்த்தாலும் எவ்வளவு கடினம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. கிரீன்ஸ்பரோவின் வடகிழக்கில் 1998-ல் விண்-டிக்ஸி மூடிப்போனது. பதினெட்டு வருடம் அந்தப் பேட்டைக்குக் கடையில்லை. வீடு வீடாகப் போய் உறுப்பினர் சேர்த்து, 2016 கடைசியில் ரெனசான்ஸ் கூட்டுறவுக் கடையை அவர்களே திறந்தார்கள். 2019 ஜனவரியில் மூட வேண்டியதாகிவிட்டது. எதிர்பார்த்த விற்பனை வரவில்லை. ஒரே ஒரு கடையாக இருந்துகொண்டு பெரிய சங்கிலிகளின் விலைக்கு அவர்களால் விற்க முடியவில்லை.

பழைய சார்லட்

அந்த விலை விஷயத்தில் ஒரு சட்டமே இருக்கிறது. 1936-ல் வந்த ராபின்சன்-பேட்மன் சட்டம். ஒரே பொருளைப் பெரிய கடைக்கு ஒரு விலை, சின்னக் கடைக்கு ஒரு விலை என்று காரணமில்லாமல் விற்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அன்றைக்கு ஏ அண்ட் பி என்ற சங்கிலி நாடு முழுக்கச் சின்னக் கடைகளை விழுங்கிக்கொண்டிருந்ததால் கொண்டுவந்தார்கள். எண்பதுகளுக்குப் பிறகு அரசு அதைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டது. 2025 ஜனவரியில் பெப்சி மேல் வழக்குப் போட்டார்கள், மே மாதமே அரசு மாறிய கையோடு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மாவுக்கடை தம்பிக்கும் கிரீன்ஸ்பரோ மக்களுக்கும் ஒரே இடத்தில்தான் அடி விழுகிறது, கொள்முதல் விலையில். அவர்கள் சோம்பேறிகளாக இருந்து தோற்கவில்லை. ஒரே சோடா பெட்டி, ஒரே லாரி, ஆனால் பில்லில் வேறு எண்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'சின்னக் கடையில் விலை ஜாஸ்தி' என்று நம் ஆட்களே சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். அவர் பேராசைப்படுவதாக ஒரு நினைப்பு.

கேரிக்காரன்

இந்தச் சட்டம் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை, நன்றி ஐயா. இருந்தாலும் என் கேள்வி நிற்கிறது. வெக்மன்ஸ் பாலண்டைனுக்கு வராமல் இருந்தால் வெஸ்ட் பொலிவார்டுக்குக் கடை வந்துவிடுமா? வராது. அப்புறம் ஏன் இரண்டையும் முடிச்சுப் போட வேண்டும்?

சனிக்கிழமைத்தோட்டம்

வராதுதான். ஆனால் நகரம் சாலையை அகலப்படுத்துவதும், சிக்னல் போடுவதும், திட்டப் பிரிவு ஆட்கள் நேரம் ஒதுக்குவதும் பொதுப்பணம். ஒரு பக்கத்துக்கு அது ஓடி வருகிறது. இன்னொரு பக்கம் ஒவ்வொரு ரூபாய்க்கும் கூட்டத்துக்குக் கூட்டம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. பாலண்டைனில் இருக்கிற நம் ஆட்கள் நகரசபைக்கு எழுதினால் பதில் வருகிறது, நான் பார்த்திருக்கிறேன். சிக்னலுக்கு எழுதும்போது வெஸ்ட் பொலிவார்டு கடையைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். வெக்மன்ஸைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை.

பாலண்டைன்வாசி

சேர்த்தே எழுதுகிறேன். அந்த இரண்டு வரியை நீங்களே தமிழில் போடுங்கள், மொழிபெயர்த்துக்கொள்கிறேன். காலியாகும் கடைகளின் பத்திர நிபந்தனையையும் கேள்வியாக வைக்கிறேன், பழைய சார்லட் ஐயா வரைவை ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள்.

மாவுக்கடை

மனுவின் படி ஒன்றை என் கல்லாப் பக்கத்தில் வைக்கலாம். கடைக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போடட்டும். வார நாளில் காலை பத்து மணிக்கு மேல் கூட்டம் இருக்காது, நிதானமாகப் படித்துப் போடலாம். நடந்துபோகிற ஐயாவுக்கு ஒரு செய்தி: எங்கள் வண்டி செவ்வாய்க்கிழமை உங்கள் பக்கம் விருந்துச் சாமான் கொடுக்க வரும். கீரையும் முருங்கைக்காயும் முந்தின நாள் சொல்லிவிட்டால் வாசலில் தந்துவிடுவேன், தனியாகக் காசு வேண்டாம்.

நடந்துபோகிறவர்

தம்பி, மிக்க நன்றி. எங்கள் கட்டடத்தில் என்னைப் போல இன்னும் சில பெரியவர்கள் இருக்கிறார்கள், ஒரு தெலுங்கு அம்மா, ஒரு குஜராத்தித் தம்பதி. அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லலாமா? தண்டுக்கீரை வருமா? சிக்னல் விவரத்தை மகனை விட்டு இன்று அனுப்பச் சொல்கிறேன்.

மாவுக்கடை

தாராளமாகச் சொல்லுங்கள் ஐயா. தண்டுக்கீரை கோடையில்தான் நன்றாக வரும், இப்போதைக்கு வெந்தயக்கீரையும் பாலக்கும் இருக்கிறது. திங்கள் சாயங்காலத்துக்குள் பட்டியல் வந்தால் போதும்.